அதே பெட்டிக் கல்

என் கடைக்கு யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்தால் அப்படித்தான். ஸ்கேன், ரத்த ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சீட்டு என்று கையில் கொடுப்பார்கள், நானும் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்ப்பேன். இருபது வருடமாக இப்படித் தாளைப் பார்த்துப் பார்த்தே நான் பாதி டாக்டர் ஆகிவிட்டேன் என்று என் மனைவி சொல்வாள். மீதிப் பாதி ஆகாமல் இருப்பதுதான் ஜனங்களுக்கு நல்லது என்றும் சேர்த்துச் சொல்வாள்.

கடைக்கு மேலே இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் உண்டு. அதில் டைல்ஸ் மேஸ்திரியும் அவர் மனைவியும் பத்து வருடமாகக் குடியிருக்கிறார்கள். இந்தத் தெருவில் பாதி வீட்டுக்குத் தளம் போட்டவர் அவர். அவர் கல்லைப் பதித்து ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார், பின்னாலேயே அவர் மனைவி, எனக்குத் தங்கச்சி மாதிரி, உட்கார்ந்து இடைவெளிகளைப் பூசிக்கொண்டே வரும். ஒரு நாளில் இருவரும் பேசுகிற மொத்தப் பேச்சு பத்து வார்த்தைக்கு மேல் இருக்காது. அதிலும் ஐந்து வார்த்தை சண்டையாக இருக்கும். ஆனால் அவர்கள் போட்ட தளத்தில் ஒரு கோலிக்குண்டை வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் வந்து பார்க்கும்போதும் அது வைத்த இடத்திலேயே இருக்கும்.

மேஸ்திரிக்கு இரண்டு பழக்கங்கள். ஒன்று, வேலை செய்யும்போது செருப்பு போடமாட்டார். ரசமட்டம் சொல்லாததைக் குதிகால் சொல்லும் என்பார். செருப்பு போட்டுக்கொண்டு தளம் போடுகிறவன் கையுறை போட்டுக்கொண்டு சோறு பிசைகிறவன் என்பார். இரண்டாவது, எந்த வீட்டில் வேலை செய்தாலும் அங்கே பிரித்த பெட்டிகளிலிருந்து அறைக்கு ஒரு கல்லை எடுத்து வந்து, பின்புறத்தில் வீட்டு எண்ணையும் பெட்டி எண்ணையும் பென்சிலால் எழுதி, மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைத்துவிடுவார். அது என் இடம். நான் பழைய பேப்பர் போட வைத்திருந்த இடம். இப்போது அங்கே முந்நூறு கல் இருக்கிறது. நாலைந்து வருடம் கழித்து யார் வீட்டிலாவது ஒரு கல் விரிசல் விட்டால் கடைக்குப் போய் அதே நிறத்தில் வேறு கல் வாங்கிப் பதிக்கக் கூடாதாம். ஒரே பேர், ஒரே நம்பர் என்றாலும் பெட்டிக்குப் பெட்டி நிறம் ஒரு நூல் மாறுமாம். பதிக்கிற அன்றைக்குத் தெரியாது, வெயில் பட்டதும் பல்லிளிக்கும் என்பார்.

அந்தக் குதிகாலில்தான் வந்தது. கறுப்பாக ஒரு பொட்டு. சிமெண்டுக் கறை என்று அவர் நினைத்தார். தங்கச்சி ஒரு மாதம் மண்ணெண்ணெய் வைத்துத் தேய்த்தது, கல்லை வைத்து உரசியது. பொட்டு பரவியதே தவிரப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனதும் தங்கச்சிதான். தோலில் வருகிற புற்றுநோயிலேயே கொஞ்சம் பொல்லாத வகை என்றார்கள். குதிகாலில் ஒரு பெரிய துண்டை வெட்டியெடுத்து, தொடைத்தோலை வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதத்தில் மேஸ்திரி மறுபடி வேலைக்குப் போனார். சாய்ந்து சாய்ந்து நடந்தார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குதிகாலுக்கு இப்போது ஒன்றும் தெரிவதில்லை என்று மட்டும் ஒரு தடவை என்னிடம் வருத்தப்பட்டார்.

இரண்டு வருடம் நன்றாகப் போனது. போன கோடையில் அதே காலின் தொடையிடுக்கில் ஒரு கட்டி வந்தது. கொட்டைப்பாக்கு அளவுக்கு இருந்தது பத்து நாளில் எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. ஊசியை விட்டு அதிலிருந்து நூல் போல ஒரு துளி சதையை எடுத்தார்கள். பழைய நோய்தான் திரும்பியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னபோது நானும் கூட இருந்தேன். ரிப்போர்ட்டு விஷயம் எல்லாம் எனக்குத் தெரியும் என்று தங்கச்சி என்னை அழைத்துக்கொண்டு போயிருந்தது.

டாக்டரம்மா நல்ல மாதிரி. அவசரமில்லாமல் பேசுவார். மருந்து இரண்டு விதம் இருக்கிறது, எது கேட்கும் என்பதை நாம் முடிவு செய்ய முடியாது, அந்தக் கட்டியைத்தான் கேட்கவேண்டும் என்றார். அதன் செல்களில் ஒரு குறிப்பிட்ட அடையாளம் இருந்தால் மாத்திரை. வீட்டிலேயே சாப்பிடலாம், வேகமாகச் சுருக்கும். அந்த அடையாளம் இல்லையென்றால் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஊசி மருந்தை ஏற்றி, உடம்பில் தூங்குகிற காவல் செல்களை எழுப்பிவிட வேண்டும். பயோமார்க்கர் என்று அதற்குப் பெயர் சொன்னார். அடையாளம் இல்லாதவருக்கு மாத்திரை கொடுத்தால் என்ன என்று தங்கச்சி கேட்டது.

"கொடுக்கவே கூடாதும்மா. அந்த அடையாளம் இல்லாத கட்டிக்கு இந்த மாத்திரை பிரேக் போடாது, சில சமயம் ஆக்ஸிலேட்டரையே மிதிச்சுடும். அதனாலதான் முதல்ல டெஸ்ட்."

டெஸ்ட்டும் இரண்டு. மரபணு டெஸ்ட்டுக்கு வெளியூர் அனுப்ப வேண்டும், மூன்று வாரம் ஆகும். அதுதான் உறுதி. இன்னொன்று இங்கேயே லேபில் செய்கிற சாய டெஸ்ட். கட்டி வளர்கிற வேகத்தைப் பார்த்தால் மூன்று வாரம் காத்திருக்க முடியாது, அதனால் சாய டெஸ்ட்டைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்றார். சதை கொஞ்சம்தான் இருக்கிறது, அதில் பெரும்பகுதி வெளியூருக்குப் போய்விடும், மிச்சம்தான் நமக்கு என்றும் சொன்னார்.

அந்த லேபில் சாய டெஸ்ட் என்றால் மெழுகக்காதான். பெயர் வேறு; தெருவே மெழுகக்கா என்றுதான் கூப்பிடும். ஆஸ்பத்திரியில் வெட்டியெடுக்கிற சதை எல்லாம் அவரிடம் போகும். அதை மெழுகில் பதித்து, சின்னக் கட்டியாக்கி, சக்கரம் வைத்த ஒரு கத்தி மிஷினில் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் போட்டுக் கொடுப்பார். லேப் டாக்டர் அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். டாக்டருடைய கையெழுத்து தாளில் இருக்கும், அக்காவின் பெயர் எங்கேயும் இருக்காது. ஐம்பது வயது ஆகப் போகிறது. தன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பெரிதாகப் பேசி நான் கேட்டதில்லை. கடைக்கு வந்தால் லேபல் காகிதம் வாங்குவார், டீ குடிப்பார், போய்விடுவார்.

இந்த இடத்தில் என் பங்கைச் சொல்லிவிட வேண்டும். சீக்கிரம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கண்ணே என்று தங்கச்சி சொல்ல, நான் அக்காவைப் போய்ப் பார்த்தேன். நமக்கு வேண்டியவர், சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் என்றேன். சிவப்புச் சாயம் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வரும், இந்த நோய்க்குச் சிவப்புதான் நல்லது என்றார் அக்கா. வேறு சாயமே இல்லையா என்றேன். பழுப்பு இருக்கிறது, மற்ற நோய்களுக்கு எல்லாம் அதைத்தான் போடுகிறோம் என்றார். அப்புறம் என்ன, அதையே போடுங்கள் என்றேன். ஒரு வாரத்தில் அந்த எலுமிச்சை ஆரஞ்சு ஆகிவிடும் அக்கா என்றேன்.  லேப் டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்துவிட்டது. எனக்கு இருந்த பெருமையைக் கேட்கவேண்டாம். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் லேபில் நம் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடையாளம் இருக்கிறது என்று வந்திருந்தது. மாத்திரை போதும். தங்கச்சி ரிப்போர்ட்டை நான்கு காப்பி எடுத்தது, எதற்கு நான்கு என்று அதற்கே தெரியாது. வெளியூரில் படிக்கிற மகளுக்குப் போன் போட்டு என் கடையில் நின்றே எழுத்துக்கூட்டிப் படித்தது. மேலே போய் முட்டைக் குழம்பு வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தது. ரிப்போர்ட்டின் மூலையில் மைக்ராஸ்கோப்பில் எடுத்த ஒரு படம் இருந்தது. பழுப்புப் பழுப்பாக இருந்த அது என் மிஷினில் கன்னங்கரேல் என்று விழுந்தது. எல்லா நிறமும் என் மிஷினுக்கு ஒன்றுதான்.

மாத்திரை சனிக்கிழமை வந்து சேர்ந்தது. டாக்டரம்மா திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் மேஸ்திரிக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. லேபில் மெழுகக்காவின் முக்காலிக்குக் கீழே ஒரு கல் விரிசல் விட்டிருப்பதை ஒரு தடவை பார்த்திருக்கிறார். அந்தத் தளமும் அவர் போட்டதுதான், ஆறு வருடத்துக்கு முன்னால். நமக்கு இவ்வளவு செய்தவங்க, முக்காலி ஆடுது, அதை மாத்திக் கொடுத்துட்டு வந்துடுவோம் என்று கிளம்பிவிட்டார். பையைத் தூக்குகிற வேலை எனக்கு.

வெளியே புழுக்கம், மழை வருவேன் வரமாட்டேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. லேபில் ஏசி ஓடியும் வேர்த்தது. வெயில் காலத்தில் மெழுகு இளகிவிடும் என்பதால் அக்கா கட்டிகளை ஐஸ் மேல் வரிசையாக வைத்திருந்தார். மேஸ்திரி விரிசல் கல்லைச் சுற்றிக் கீறி, உளியை வைத்துச் சின்னச் சின்னதாகப் பெயர்த்தார். பக்கத்துக் கல்லில் ஒரு கீறல் விழவில்லை. பிறகு படிக்கட்டுக் கீழிருந்து கொண்டுவந்த கற்களில் ஒன்றைக் குழியில் வைத்துப் பார்த்தார், எடுத்தார். பையிலிருந்து இன்னொரு கல்லை எடுத்து வைத்தார்.

ரெண்டும் ஒண்ணுதானே என்றேன் நான். அக்காவும் எட்டிப் பார்த்து, எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றார்.

"ஒண்ணு மாதிரிதான் தெரியும்க்கா. மொதக் கல்லு இந்த ரூமுக்குப் பிரிச்ச பெட்டி இல்ல, வராண்டாவுக்குப் பிரிச்ச பெட்டி. நிறம் சரியா தப்பான்னு பாக்கணும்னா அதே பெட்டியில இருந்து எடுத்த கல்லை வெச்சுத்தான் பாக்கணும். வேற பெட்டிக் கல்லை வெச்சுப் பாத்தா கண்ணு நம்மளை ஏமாத்திடும்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் பசையைக் குழைக்கத் தொடங்கினார்.  நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா கையில் ஒரு கண்ணாடிச் சில்லைப் பிடித்தபடி, அதையும் பார்க்காமல், தரையையும் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார். வேர்த்துக் கொட்டியது. என்னக்கா என்றேன். ஒன்றுமில்லை, ஒரு சின்ன வேலை விட்டுப்போச்சு என்றார்.

பெட்டியைத் திறந்து ஒரு மெழுகுக் கட்டியை எடுத்து ஐஸ் மேல் வைத்தார். பத்து நிமிடம் அப்படியே காத்திருந்தார். பிறகு அதை மிஷினில் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினார். அந்த வேலையை நான் அன்றைக்குத்தான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இருபது வருடம் எதிரே கடை வைத்திருந்ததற்கு வெட்கமாக இருந்தது. கட்டி கத்தியில் பட்டு இறங்க, வெங்காயச் சருகைவிட மெலிதாக ஒரு சீவல் கிளம்பும். அதை ஒரு பிரஷ் நுனியால் ஏந்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியை அடியில் கொடுத்து அள்ள வேண்டும். ஒரு தும்மல் போதும், எல்லாம் போய்விடும். மேஸ்திரி கையில் பசையோடு அப்படியே உட்கார்ந்து பார்த்தார்.

முதல் சீவல் பொடிந்துவிட்டது. இரண்டாவது சுருண்டுகொண்டது. அக்கா கட்டியைக் கழற்றி மறுபடி ஐஸில் வைத்தார். கட்டியில் சதை என்று சொல்ல நகக்கண் அளவுகூட இல்லை, அவ்வளவும் மெழுகுதான். மூன்றாவது தடவை சக்கரத்தை இன்னும் மெதுவாகச் சுற்றினார். ஒன்று வந்தது. அடுத்து ஒன்று. அடுத்ததும் வந்தது. தண்ணீரில் மூன்றும் சுருக்கமில்லாமல் விரிந்தபோதுதான் அந்த அறையில் நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிட்டோம்.

"அக்கா, நாங்க எல்லாம் சுத்தியல் வேலைக்காரங்க. இது கை இல்லக்கா, வேற ஏதோ" என்றார் மேஸ்திரி. அவர் வாயிலிருந்து இன்னொருவர் வேலையைப் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா சிரிக்கவில்லை. மேஸ்திரி கல்லைப் பதித்து முடித்து, நாளைக்கு நாள் முழுக்க அந்த முக்காலியில் உட்காராதீங்க, பசை காயட்டும் என்று சொல்ல, நாங்கள் கிளம்பினோம்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு நான் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். விடிவதற்கு முன்பே பிடித்த மழை விடவில்லை. குடையில்லாமல் தெருவைக் கடந்து மெழுகக்கா வந்தார். மேஸ்திரி எழுந்துவிட்டாரா என்று கேட்டார். முகத்தைப் பார்த்ததும் நான் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு அவர் பின்னாலேயே மாடி ஏறினேன்.

மேஸ்திரி பல் துலக்கிக்கொண்டிருந்தார். சமையல்கட்டு மேடையில் ஒரு தட்டில் மாத்திரை, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், சுவர்க் கடிகாரம் எல்லாம் ஒரே பார்வையில் படும்படி தங்கச்சி எடுத்து வைத்திருந்தது. வாங்கக்கா, நனைஞ்சுட்டீங்களே என்று துண்டை எடுக்கப் போனது. அக்கா துண்டை வாங்கவில்லை.

"மாத்திரையைக் கொடுத்துடாதீங்கம்மா. ரிப்போர்ட்டு தப்பு."

தங்கச்சிக்குப் புரியவில்லை. அக்கா நின்றபடியே சொன்னார். சாயம் போட்டது சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கூடவே ஒரு சும்மா கண்ணாடி வைப்பார்களாம். மற்றதெல்லாம் அதேபோலச் செய்து, அடையாளத்தைத் தேடிப் பிடிக்கிற மருந்தை மட்டும் அதில் விடமாட்டார்களாம். அதில் நிறம் ஏறாமல் வெளிறி இருந்தால்தான் இதில் தெரிகிற நிறம் நிஜம். மேஸ்திரியின் சதை கொஞ்சமாக இருந்ததால் அதை மிச்சம் பிடிக்க, அந்தச் சும்மா கண்ணாடியை வேறு நோய்க்காரர் ஒருவரின் மெழுகுக் கட்டியிலிருந்து சீவி வைத்துவிட்டார். அது வெளிறி இருந்தது, இது பழுப்பாக இருந்தது, அடையாளம் இருக்கிறது என்று லேப் டாக்டர் எழுதிவிட்டார். ஆனால் இந்த நோயின் செல்லுக்குள்ளேயே தோலின் கறுப்பு, பழுப்புப் பொடியாக இருக்கிறது. சாயமே போடாவிட்டாலும் அது பழுப்புதான்.

"சனிக்கிழமை நீங்க ரெண்டு பேரும் பாத்துட்டு இருந்தப்ப சீவுனது உங்க மெழுகுக் கட்டிதான், மேஸ்திரி. அதுலயே சும்மா கண்ணாடி வெச்சுப் பாத்தேன். அதுவும் அதே பழுப்பு. நேத்து பஸ் புடிச்சுப் போய் இன்னொரு ஆஸ்பத்திரியில சிவப்புச் சாயம் கேட்டு வாங்கிப் போட்டேன். ஒரு பொட்டு சிவப்பு ஏறல. அந்த அடையாளம் உங்ககிட்ட இல்ல."

இரண்டு டாக்டருக்கும் நேற்று சாயங்காலமே சொல்லிவிட்டதாகவும், டாக்டரம்மா போன் செய்வதாகத்தான் இருந்தார் என்றும், தான்தான் நேரில் போய்ச் சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டதாகவும் சொன்னார். தப்பு செஞ்சது நான், அதைப் போன்ல சொல்ல எனக்கு மனசு வரல என்றார்.

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர்தான் அவசரப்படுத்தினார் என்று அக்கா ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சிவப்பு வரட்டும் என்று நான் சொன்னேன், கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

தங்கச்சி மாத்திரைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப இந்த நாலு நாளு? எம் பொண்ணுகிட்டச் சொல்லிட்டேனே. அப்பாவுக்கு மாத்திரையே போதும்னு சொல்லிட்டேனே."

 தங்கச்சி அழவில்லை. தட்டை எடுத்து மாத்திரையைத் திரும்ப அட்டைப்பெட்டிக்குள் போட்டு, மூடியை அழுத்தி அழுத்தி மூடியது. பிறகு அக்காவுக்கு முதுகைக் காட்டி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டது.

மேஸ்திரிதான் பேசினார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து துண்டை எடுத்து அக்காவின் கையில் வைத்தார்.

"நான் போட்ட தளத்தை நானே பேத்திருக்கேன்க்கா. ரெண்டு தடவை. யாரும் கண்டுபிடிக்கல, எனக்குத்தான் தட்டிப் பாத்தப்போ சத்தம் சரியில்ல. வீட்டுக்காரங்க குடிவந்தாச்சு, சாமான் எல்லாம் அடுக்கியாச்சு. அவங்க வாசல்ல போய் நின்னு, நான் தப்பாப் போட்டுட்டேன், சாமானை எடுங்க, பேக்கணும்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். உக்காருங்க. தலையைத் துவட்டிட்டு டீ குடிச்சுட்டுப் போங்க."

டீ போட்டது மேஸ்திரி. தங்கச்சி திரும்பவே இல்லை.

அதே வாரத்தில் ஊசி மருந்து ஆரம்பித்தார்கள். அக்கா சீவிய மூன்றாவது சில்லில் லேப் டாக்டர் இன்னொன்றையும் பார்த்திருந்தார். கட்டியைச் சுற்றிலும் உடம்பின் காவல் செல்கள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தனவாம். உள்ளே போக வழி தெரியாமல் வாசலிலேயே நிற்கிற கூட்டம். இப்படி இருக்கிறவர்களுக்கு ஊசி மருந்து கேட்க வாய்ப்பு அதிகம், வாய்ப்புதான், வாக்குறுதி இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். வாக்குறுதி கொடுக்காத அவர் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாவது வாரம் வெளியூரிலிருந்து மரபணு ரிப்போர்ட்டும் வந்தது. அந்த அடையாளம் இல்லை. அந்த மூன்று வாரமும் மாத்திரை உள்ளே போயிருந்தால் அந்தக் கட்டிக்கு நாமே தீனி போட்டு வளர்த்திருப்போம். 

அன்றைக்கு ரிப்போர்ட்டைக் காப்பி எடுத்துக்கொண்டே தங்கச்சியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அக்கா சிவப்புக்குக் காத்திருக்கச் சொன்னார், நான்தான் நெருக்கினேன் என்றேன். திட்டும் என்று நினைத்தேன்.

"தெரியும்ணே. உங்களைப் போய்ச் சொல்லச் சொன்னதே நான்தானே" என்றது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டது.

ஆனால் ஒவ்வொரு தடவை ஊசிக்குப் போகும்போதும் லேப் வழியாகப் போகாமல் பின்வாசல் வழியாகச் சுற்றித்தான் மேஸ்திரியை அழைத்துக்கொண்டு போனது. மேஸ்திரி மட்டும் அக்காவைப் பார்த்தால் நின்று பேசுவார். ஊசி போட்ட நாட்களில் அவருக்கு உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கும், சோறு இறங்காது. கஞ்சி, ரொட்டி, அவித்த முட்டை என்று தங்கச்சி எதையாவது வைத்துக் கெஞ்சிக்கொண்டிருக்கும். இடையில் ஒரு நாள் எங்கள் வீட்டுக் குளியலறையில் நாலு கல் மாற்ற வேண்டியிருந்தது. மேஸ்திரி நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்லத் தங்கச்சியே பதித்தது. மட்டம் ஒரு நூல் சரியில்லை என்று அவர் சொல்ல, இருக்கு என்று இது சொல்ல, கடைசியில் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் தங்கச்சி சொன்னதுதான் சரி. அன்றைக்கு மேஸ்திரி இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

லேபிலும் ஒரு மாற்றம் வந்தது. அக்கா கேட்டு, லேப் டாக்டர் எழுதிப்போட்டார். சதை எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் சும்மா கண்ணாடியை அதே கட்டியிலிருந்துதான் சீவ வேண்டும். இந்த நோய்க்குச் சிவப்பு இல்லையென்றால் டெஸ்ட்டே கிடையாது. இப்போது அங்கே அந்தச் சும்மா கண்ணாடிக்கு ஒரு பெயர் இருக்கிறது. 'மேஸ்திரி வெச்சாச்சா?' என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஏன் அந்தப் பெயர் என்று தெரியாது. லேபல் காகிதம் வாங்க வரும்போது அக்காதான் என்னிடம் இதைச் சொன்னார், சொல்லும்போது லேசாகச் சிரித்தார்.  வேலையில் தன் தப்பை இவ்வளவு உபயோகமாக வைத்துக்கொண்ட ஆளை நான் பார்த்ததில்லை.

நாலாவது மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். பழக்க தோஷம், ஸ்கேன் ரூமில் எனக்கு ஒருத்தரைத் தெரியும் என்று நான் ஆரம்பித்தேன். தங்கச்சி என்னைப் பார்த்த பார்வையில் வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிட்டேன்.

எட்டாம் நாள் சாயங்காலம் தாளோடு வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல முகத்தைப் பார்க்காமல் தாளை வாங்கிக் கடைசிப் பாராவைப் படித்தேன். கட்டி பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது. வேறு எங்கேயும் எதுவும் இல்லை. நான் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். தங்கச்சி சிரித்துக்கொண்டு நின்றது. என் கடைக்கு யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு ஒரு ஆள் வந்தது.

எத்தனை காப்பி என்றேன். ரெண்டு என்றது. ஒன்று ஃபைலுக்கு. இன்னொன்று எதற்கு என்று கேட்டேன்.

"அக்காவுக்கு."

நான் கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றது. காப்பியை ஒரு கவரில் போட்டு முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தது. பின்வாசலுக்குச் சுற்றவில்லை, நேராக லேப் வாசலில் ஏறியது. உள்ளே போய் அரை மணிக்கு மேல் ஆயிற்று. நான் வந்த வாடிக்கையாளர் இரண்டு பேருக்குத் தாளை மாற்றி மாற்றி எடுத்துக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

திரும்பி வந்தபோது தங்கச்சியின் கண் சிவந்திருந்தது, வாய் மட்டும் சிரித்தது. அக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரிப்போர்ட்டை ரெண்டு தடவை படிச்சாங்க. படிச்சுட்டு என்ன கேட்டாங்க தெரியுமா? பழைய ஸ்கேனும் இதே மிஷின்லதான் எடுத்ததான்னு கேட்டாங்கண்ணே."

"நீ என்ன சொன்ன?"

"மேஸ்திரி பொண்டாட்டிகிட்டயே கேக்குறீங்களான்னு சொன்னேன். அதை ஸ்கேன் ரூம்லயே கேட்டுட்டுத்தான் உங்க கடைக்கே வந்தேன்ணே."